கோடரிக்குப் பிடி பொருத்திய திருக்கரம்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு மதீனத்து அன்ஸாரிகளுள் ஒருவர் வந்தார். வறுமை அவரை வாட்டியது. உதவி வேண்டிக் கை நீட்டினார்.

உங்கள் வாசலில் அவ்வாறு ஒருவர் வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்து, ஸலாம் சொல்லி அனுப்பிவைப்பீர்கள். அதுவும் நற்செயலே. ஆனால், அண்ணலார் அன்று செய்தது வேறு. உம்முடைய வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று வினவினார்கள். ஒரு கம்பளித் துணி இருக்கிறது. பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக் கொள்கிறோம். தண்ணீர் அருந்தும் பாத்திரம் ஒன்றும் உண்டு என்றார் அவர். இரண்டையும் கொண்டுவரச் செய்து, தம் திருக்கரத்தில் ஏந்தி, இவற்றை வாங்குவோர் யார் என்று தோழர்களைக் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருவோர் யார் என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார்.

ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவு. மற்றொரு திர்ஹத்திற்கு ஒரு கோடரி. வாங்கிவந்த கோடரிக்கு, அகிலத்தின் அருட்கொடையாக வந்த நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிடி பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்று வருமாறும், 15 நாட்கள் தம் கண்ணில் படாதிருக்குமாறும் பணித்தார்கள். சென்றவர் பத்துத் திர்ஹம் ஈட்டித் திரும்பினார். அதில் ஆடையும் உணவும் வாங்கினார். இரந்துண்ட வடு முகத்தில் தோன்ற மறுமையில் நிற்பதைவிட இது உமக்கு மேலானது என்ற கருத்தை அப்போது அண்ணலார் எடுத்துரைத்ததாக அபூதாவூது முதலிய நபிமொழித் தொகுப்புகள் தெரிவிக்கின்றன.

இந்நிகழ்ச்சியை நாம் மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். பிச்சை எடுக்கலாகாது என்பதற்குச் சான்றாகவே பெரும்பாலும் அதைக் கேட்டிருக்கிறோம். இன்னொரு பக்கமும் அதற்கு உண்டு. அது இரப்பவருக்கு உரிய பாடம் மட்டுமன்று. கொடுப்பவருக்கு உரிய பாடமுமாகும். அண்ணலார் அந்த ஏழையின் பொருளுக்கு ஒரு சந்தையைத் தேடித் தந்தார்கள். ஒரு திர்ஹத்தில் நின்றுவிட இருந்த விலையை இரண்டாக உயர்த்தினார்கள். அவ்வருவாயில் பாதியை முதலாக்கினார்கள். கருவியைத் தம் கையாலேயே செப்பனிட்டார்கள். உழைத்துக் காட்டக் கால அவகாசமும், கணக்குச் சொல்ல ஒரு நாளும் குறித்தார்கள். சந்தை, விலை, முதல், கருவி, அவகாசம் ஆகிய ஐந்தும் சேர்ந்த பின்னரே அவர் வணிகரானார்.

கடலுக்கு அப்பால் உள்ள சந்தை

இன்று உலகெங்கும் வளரும் நாடுகளில் இலட்சக்கணக்கான சிறு உணவுத் தொழில்கள் அந்த அன்ஸாரித் தோழரின் நிலையிலேயே நிற்கின்றன. அவர்களிடம் பொருள் இருக்கிறது, வாங்குவோர் இல்லை. எள், வேர்க்கடலை, பேரீச்சை, தேன், மிளகாய், எண்ணெய் எனத் தரமான பண்டங்களை ஆக்குகிறார்கள். உள்ளூர் இடைத்தரகர் சொல்வதே விலை. நல்ல விலை தரும் அயல்நாட்டுச் சந்தை உண்டென்பதை அறிந்திருந்தும் அதன் வாசலை அவர்களால் அடைய முடிவதில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு கொள்கலனை நிரப்ப ஏறத்தாழ 20 டன் சரக்கு வேண்டும்; ஒரு குடும்பத்தின் விளைச்சலோ சில மூட்டைகள். பத்து டன்னுக்கு எடுக்கும் ஆய்வுக்கூடப் பரிசோதனைக்கு ஆகும் கட்டணமே பத்து மூட்டைக்கும் ஆகும். ஒவ்வொரு நாட்டிற்கும் ஒவ்வொரு மொழியில், ஒவ்வொரு சட்டப்படி மேலொட்டி அச்சிட வேண்டும். ஒவ்வொரு பொட்டலமும் எவரிடமிருந்து வந்தது, எவருக்குச் சென்றது என்று காட்டும் பதிவேடு வேண்டும்; ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு வணிகர் அனைவருக்கும் 2005ஆம் ஆண்டு முதல் இது கட்டாயம். இத்தனையும் முடித்துச் சரக்கை அனுப்பினாலும், பணம் வந்து சேர இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை அடுப்பு எரிவது எப்படி?

இத்தடைகளைக் கடக்க உதவுவதற்கென்றே அமைப்புகள் தோன்றின. ஜெனீவாவில் 1964ஆம் ஆண்டு பன்னாட்டு வணிக மையம் நிறுவப்பட்டது. வளரும் நாடுகளின் சரக்குகளைத் தம் சந்தைக்குக் கொண்டுவர உதவும் நிலையம் ஒன்றை நெதர்லாந்து அரசு 1971ஆம் ஆண்டு தோற்றுவித்தது. உணவின் தூய்மை பற்றிய விதிகளை ஏழை நாடுகள் நிறைவேற்றத் துணைபுரியும் நிதியம் ஒன்றை உலக வங்கி, உலக வணிக அமைப்பு, உலக நலவாழ்வு அமைப்பு முதலியவை 2002ஆம் ஆண்டு ஒன்றுகூடி ஏற்படுத்தின. இவை யாவும் கோடரிக்குப் பிடி பொருத்தும் பணியையே தம் அளவில் செய்கின்றன. எனினும், அமைப்புகளின் பெயர்களைவிட ஒரு மரத்தின் கதை இதனை நமக்குத் தெளிவாக விளக்கும்.

பரக்கத் பொருந்திய மரம்

ஸைத்தூன் என்னும் பெயர் நம் வீடுகளுக்குப் புதிதன்று. நம் பெண்மக்களுக்குச் சூட்டி மகிழும் பெயர் அது. திருமறையில் இறைவன் அத்தியின் மீதும் ஸைத்தூனின் மீதும் ஆணையிட்டு ஓர் அத்தியாயத்தைத் தொடங்குகிறான். அன்னூர் அத்தியாயத்தில் அதனைப் பரக்கத் பொருந்திய மரம் எனச் சிறப்பிக்கிறான். அம்மரம் தழைத்து நிற்கும் பூமிகளுள் தலையாயது பலஸ்தீனம். அங்கே ஏறத்தாழ 80,000 முதல் 1 இலட்சம் குடும்பங்கள் தம் வருவாயில் ஒரு பங்கிற்கேனும் ஸைத்தூனை நம்பியிருப்பதாக ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகள் குறிப்பிடுகின்றன. நாப்லுஸ் நகரின் ஸைத்தூன் சவுக்காரம் ஒரு காலத்தில் எகிப்து வரை சென்று விலைபோனது.

ஆனால், 2000ஆம் ஆண்டிற்குப் பிந்திய ஆண்டுகளில் அவ்வுழவர்களின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. சாலைகளில் சோதனைச் சாவடிகள்; 2002ஆம் ஆண்டு முதல் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர். பாட்டனார் நட்ட மரத்தின் காயைப் பறிக்கப் பேரன் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கிச் சாவடியில் மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டும். சந்தைகள் அடைபட்டன, எண்ணெய் வீடுகளில் தேங்கியது.

உலக முஸ்லிம்கள் கண்ணீர் சிந்தினார்கள், நன்கொடை திரட்டினார்கள். அதனிடையே வேறொரு முயற்சியும் தொடங்கியது. 2004ஆம் ஆண்டில் ஜெனீன் வட்டாரத்தில் உழவர்களை ஒருங்கிணைத்து, நியாய வணிகச் சங்கம் ஒன்று அமைந்தது. அவர்களின் எண்ணெயை ஏற்றுமதி செய்யக் கனான் என்னும் நிறுவனம் ஏற்பட்டது. அதே ஆண்டில் இலண்டனில் ஸைத்தூன் என்ற பெயரிலேயே ஒரு நிறுவனத்தைச் சில ஆர்வலர்கள் தொடங்கினார்கள். ஆதாயத்தைப் பங்குதாரர் பிரித்துக்கொள்வதற்கன்றி, அந்த உழவர்களின் நலனுக்கே திருப்பிவிடும் அமைப்பு அது. 2009ஆம் ஆண்டில், நியாய வணிகச் சான்று பெற்ற உலகின் முதல் ஸைத்தூன் எண்ணெயாகப் பலஸ்தீன எண்ணெய் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

அவ்வெண்ணெயைப் பரிவினால் முதற்புட்டி வாங்குவோர் பலர் இருக்கலாம். இரண்டாம் புட்டியை எவரும் பரிவினால் வாங்குவதில்லை. நாவிற்கு இதமாக இருந்தால்தான் வாங்குவார்கள். ஆகவே, உழவரின் துயரைச் சொல்லி விற்பதுடன் உதவி முடிந்துவிடாது. எண்ணெயின் தரத்தை உயர்த்த வேண்டும்.

தரமுள்ள எண்ணெய் எவ்வாறு பிறக்கிறது தெரியுமா? காயைக் கழியால் அடித்துத் தரையில் உதிர்த்தால் அது நசுங்கும், மண் படும். கையால் பறித்து விரிப்பில் சேர்க்க வேண்டும். கோணிப்பையில் அடைத்துக் காத்திருக்க வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கத் தொடங்கும். காற்றோட்டமுள்ள பெட்டிகளில் வைத்து, பறித்த அன்றோ மறுநாளோ ஆலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குளிர் முறையில் பிழிந்தது என்று ஐரோப்பாவில் விற்க வேண்டுமாயின் ஆட்டும்போது வெப்பம் 27 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. பிழிந்த எண்ணெயை வெளிச்சமும் காற்றும் படாத துருவேறா எஃகுத் தொட்டியில் சேமிக்க வேண்டும். எண்ணெயில் கட்டற்ற அமிலம் 0.8 விழுக்காட்டிற்கு மேற்படாமலும், சுவையில் குறை ஏதும் இல்லாமலும் இருந்தால்தான் அதற்கு முதல்தரப் பெயர் கிடைக்கும். தாண்டிவிட்டால் தரம் இறங்கும், விலையும் இறங்கும்.

கவனியுங்கள். அந்த 0.8 என்னும் அளவு, காயைப் பறிக்கும் உழவரின் கையில் தொடங்கி ஆலையின் வாசல் வரை நூறு சிறு செயல்களால் நிச்சயிக்கப்படுகிறது. அவற்றை உடனிருந்து கற்பிப்பவரே உண்மையான உதவியாளர். பல குடும்பங்களின் எண்ணெயை ஒன்றுசேர்த்தால் கொள்கலன் நிரம்புகிறது; பரிசோதனைக் கட்டணம் பலர்மீது பகிரப்படுகிறது. நியாய வணிக முறையில் குறைந்தபட்ச விலை முன்னரே நிர்ணயிக்கப்படுகிறது. உழவர் கேட்டால் விலையில் ஒரு பகுதியை முன்பணமாகத் தரவும் வழியிருக்கிறது. ஊர்ப்பொது நலனுக்கெனக் கூடுதல் தொகையும் சேர்கிறது. அண்ணலார் அன்று காட்டிய ஐந்தும் இங்கே இருப்பதைக் காண்கிறீர்கள் அல்லவா?

துயரம் அதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2023ஆம் ஆண்டு அறுவடைக் காலத்தில் போர் மூண்டபோது, உழவர் பலர் தம் தோப்புகளுக்குச் செல்லவே இயலவில்லை. காய்கள் மரத்திலேயே வாடின. சந்தை ஒன்று திறந்துவிட்டால் அநீதி மறைந்துவிடும் என்பதன்று நம் வாதம். அநீதியின் நடுவிலும் ஒரு மனிதர் இரவலராகாமல் வணிகராக நிற்பதற்கு வழி உண்டு என்பதே.

குவியலுக்குள் நுழைந்த விரல்கள்

இனி, மற்றொரு நபிமொழியை நினைவுகூர்வோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெரு வழியே சென்றபோது ஒரு தானியக் குவியலைக் கண்டார்கள். அதற்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கடும் எச்சரிக்கையை விடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது.

அவ்வணிகர் விஷம் கலக்கவில்லை, கல்லைக் கலக்கவில்லை. மழை இறைவனின் செயல். ஈரத்தை மறைத்ததே அவர் குற்றம். அந்த ஈரம் எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதைப் பிற்கால அறிவியல் விளக்கியது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 1 இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் சேர்த்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் படிந்த பூஞ்சையே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். அப்பூஞ்சை சுரக்கும் நச்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். ஈரமும் வெம்மையும் சேர்ந்த இடத்தில் அது பெருகும். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது அது. சாதாரணமாகச் சமைக்கும் சூட்டில் முற்றாக அழிவதில்லை. ஆதலால், உண்ணத் தயாரான வேர்க்கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரையே ஐரோப்பிய ஒன்றியம் அதனை அனுமதிக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு!

இன்று துறைமுகங்களில் ஆய்வாளர் என்ன செய்கிறார்? மேல்மூட்டையைப் பார்த்துத் திருப்தியடைவதில்லை. பல மூட்டைகளின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுக்கிறார். மதீனத்துக் கடைத்தெருவில் அன்று குவியலுக்குள் நுழைந்த விரல்கள் காட்டிய வழியன்றோ இது?

1997ஆம் ஆண்டு ஈரானின் பிஸ்தாப் பருப்பை இந்நச்சின் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் சில மாதங்கள் தடைசெய்தது. அதே ஆண்டில், பதனிடும் ஆலைகளில் தூய்மைக் குறை கண்டு பங்களாதேஷின் இறால் முதலிய கடல் உணவையும் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நிறுத்திவைத்தது. பின்னர் ஆலைகளைச் செப்பனிட்டு, ஆய்வாளர்களுக்குப் பயிற்சி தந்து, பங்களாதேஷ் மீண்டும் சந்தைக்குள் நுழைந்தது. 2003ஆம் ஆண்டு இந்திய மிளகாய்த் தூளில் சூடான் என்னும் தடைசெய்யப்பட்ட சாயம் கண்டறியப்பட்டபோது, பிழை செய்தவர் சிலர். ஐயத்திற்கு ஆளானவரோ அத்தொழிலில் இருந்த அனைவரும். சிறு வணிகர் ஒவ்வொருவரும் பரிசோதனைச் செலவைச் சுமக்க நேர்ந்தது. ஒருவர் மறைத்த ஈரம் ஊர் முழுவதின் தானியத்தையும் விலைபோகாமல் செய்துவிடும்.

ஆகவே, சிறு தொழிலுக்கு உதவுகிறோம் என்று எண்ணி அதன் குறையை மூடி மறைப்பவர் உதவி செய்பவரல்லர். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்கு எதிராகத் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே இறங்கியிருக்கிறது. அல்முதஃப்பிஃபீன் என்னும் 83ஆம் அத்தியாயம் அது. மத்யன் வாழ் மக்களிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள் முதன்மையாக எடுத்துரைத்தவற்றுள் நிறைவான அளவையும் ஒன்று. வறியவர் என்பதற்காக அளவுகோல் வளைந்து கொடுப்பதில்லை. அளவுகோலை எட்டும்படி வறியவரை உயர்த்துவதே நம் கடமை.

உடன் நடக்கும் துணைவர்

ஹலால் சான்றிதழிலும் இதே நியாயம் உண்டு. உலக உணவு விதித்தொகுப்புக் குழு 1997ஆம் ஆண்டு ஹலால் என்னும் சொல்லைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. இந்தோனேசியாவில் 2014ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. பெரிய, நடுத்தர நிறுவனங்களின் உணவு, பானங்களுக்கு 2024 அக்டோபர் 17 கெடுவாயிற்று. நுண், சிறு தொழில்களுக்கோ அக்கெடு 2026 அக்டோபர் 17 வரை தள்ளிவைக்கப்பட்டது. வீட்டில் அப்பமும் சிப்சும் செய்து விற்கும் பெண்ணுக்குச் சான்றிதழ்க் கட்டணம் பெருஞ்சுமை அல்லவா? ஆகவே கட்டணமில்லாத் திட்டம் ஒன்றையும் அந்நாட்டு அரசு வகுத்தது. பயிற்சி பெற்ற துணைவர் ஒருவர் அத்தொழிலகத்தை நாடிவருகிறார். சேர்க்கும் பொருள்களையும் செய்முறையையும் உடனிருந்து சரிபார்க்கிறார். படிவத்தை நிறைவுசெய்ய வழிகாட்டுகிறார். சட்டம் அங்கே வாசலை அடைத்துவிட்டு நிற்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல ஓர் ஆளையும் அனுப்பியது.

நம் பங்கு என்ன?

வாசக அன்பர்களே! நாம் வணிக மரபில் வந்தவர்கள். காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் கப்பலேறிய முன்னோர் கடல் கடந்த சந்தைகளை அறிந்திருந்தார்கள். இன்றும் நம் குடும்பங்களில் வளைகுடாவிலோ, மலேசியாவிலோ, சிங்கப்பூரிலோ ஒருவரேனும் இருப்பார். ஆண்டுதோறும் ஸகாத் கொடுக்கிறோம்; ரமலானில் கை தாராளமாகத் திறக்கிறது. ஆயினும், நம் தெருவில் ஊறுகாயும் இடியப்ப மாவும் மசாலாத் தூளும் செய்து பிழைக்கும் விதவைச் சகோதரிக்கு நாம் தருவது ஒருநாள் உணவா, ஒரு கோடரியா?

அயல்நாட்டில் கடை வைத்திருப்பவர், எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும், மேலொட்டியில் என்ன எழுத வேண்டும் என்று ஒரு மடல் எழுதினால் போதும். அது ஒரு சந்தை. வங்கியிலும் ஏற்றுமதி அலுவலகத்திலும் பணியாற்றிய பெரியவர், ஓய்வுநேரத்தில் படிவங்களை நிரப்பித் தந்தால் அது ஒரு பிடி. பட்டம் பெற்ற நம் பெண்பிள்ளைகள், உலர்த்தும் களத்தின் தூய்மையையும் பதிவேட்டின் ஒழுங்கையும் கற்பித்தால் அது ஒரு பயிற்சி. வட்டியில்லா அழகிய கடனாகிய கர்ளு ஹஸன் முதலாகும். இலாபத்தில் பங்கு என்ற முளாரபா முறையும் நமக்கு உண்டு. கதீஜா நாயகி (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு அண்ணலார் சிரியா நாட்டுச் சந்தைக்குச் சரக்குக் கொண்டுசென்ற வரலாற்றை அறியாதவர் நம்முள் யார்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கிவிட்டுப் பணத்தை நாள்கணக்கில், மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லையா? வசதியுள்ளவர் கடனைத் திருப்பத் தாமதிப்பது அநீதியாகும் என்பது நபிமொழியின் தீர்ப்பு. ஆயிரம் ரூபாய் தர்மம் செய்கிற கையே, பத்தாயிரம் ரூபாய்ப் பாக்கியை அடக்கி வைத்திருக்குமானால், அந்தத் தர்மத்தால் யாருடைய அடுப்பு எரியும்? வாங்கிய சரக்கிற்கு உரிய நாளில் உரிய விலையைத் தருவது தர்மமன்று, கடமை. அக்கடமையை நிறைவேற்றினாலே பல சிறு தொழில்கள் பிழைத்துக்கொள்ளும்.

இன்று ஜும்ஆ தொழுது வீடு திரும்பும்போது, உங்கள் வாசலில் கை நீட்டி நிற்பவரைக் கண்டால், கொடுக்காமல் அனுப்பிவிடாதீர்கள். ஆனால், கொடுத்தபின் ஒரு கேள்வியும் கேளுங்கள்: உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? அவருக்குத் தெரிந்த ஒரு கைத்தொழில், அவர் இல்லத்தாரின் கைப்பக்குவம், மூலையில் கிடக்கும் ஒரு கருவி — ஏதேனும் இருக்கும். அதற்கு வாங்குவோரைத் தேடித் தாருங்கள். அந்த அன்ஸாரித் தோழர் பதினைந்தாம் நாள் கை நிறைய வந்ததுபோல் அவரும் வருவார்.

தூய பண்டத்தை ஆக்குவோருக்கும், அதனை நேர்மையாக விற்போருக்கும், நியாய விலை கொடுத்து வாங்குவோருக்கும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! கொடுக்கும் நம் கரங்களைக் கோடரிக்குப் பிடி பொருத்தும் கரங்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.